தைராய்டு நோயும் அசையாத குரல் நாணும்

தைராய்டு கட்டியோடு வருகிறவர்களிடம், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் மூக்கு வழியாக ஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுக் குரல் நாண்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "குரல் நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டர்? அதற்கு எதற்கு ஸ்கோப்?" நியாயமான கேள்வி. கட்டி கழுத்தில் இருக்க, மூக்குக்குள் ஏன் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். காது மூக்கு தொண்டை மருத்துவராக, வெளியே வரிசை காத்திருக்கும் வேளையில் நான் சொல்லும் பதில் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அது போதாது என்ற உறுத்தல் வெகுநாளாக உண்டு என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

குரலைக் காதால் கேட்டு, நாண்களை அசைக்கும் நரம்பு வேலை செய்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது. ஒரு பக்கத்துக் குரல் நாண் முற்றிலும் செயலிழந்திருந்தும், கேட்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாத குரலில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நாண் எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதைப் பொறுத்தது அது. நடுக்கோட்டை ஒட்டி நின்றுவிட்டால், நல்ல நிலையில் உள்ள எதிர்ப்பக்க நாண் சற்றே கூடுதலாக நகர்ந்து வந்து அதைத் தொட்டுவிடும். இடைவெளி அடைபட்டு, குரலும் தப்பிவிடும். அதிலும் கட்டி மெல்ல வளர்ந்து நரம்பை மாதக்கணக்கில் நலிவித்திருந்தால், மாற்றம் நேர்ந்ததை நோயாளியே அறியாதபடி தொண்டை அதற்குப் பழகிப்போயிருக்கும். நாண் நடுக்கோட்டிலிருந்து விலகி நின்றுபோனவர்களின் கதை வேறு. அவர்கள் பேசினால் பாதி காற்றாகவே வெளியேறும். ஒரு வாக்கியத்துக்குள் இருமுறை மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.

திரையில் இந்தக் காட்சி ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். மெல்லிய ஸ்கோப் மூக்கைத் தாண்டி, அண்ணத்தின் பின்புறமாக இறங்கி, நாக்கின் அடிப்பகுதியைக் கடந்ததும், இரண்டு குரல் நாண்களும் முன்புறம் ஒன்றுசேர்ந்து பின்புறம் விரிந்த வெண்ணிறப் பட்டைகளாகத் தோன்றும். மூச்சை இழுக்கச் சொன்னால் இரண்டும் விலகும். "ஈ" என்று நீட்டச் சொன்னால் இரண்டும் கூடும். செயலிழந்த நாண் மட்டும் மூச்சுக்கும் பேச்சுக்கும் நின்ற இடத்திலேயே நிற்கும். நாளாகியிருந்தால் அதன் விளிம்பு சற்றே குழிந்து, தசை மெலிந்து காணப்படும். அதை ஒட்டிய பள்ளத்தில் விழுங்கப்படாத எச்சில் தேங்கியிருக்கும். நாணைப் பார்ப்பதற்கு முன்பே அந்த எச்சில் தேக்கத்தைப் பார்த்து நான் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடுவதுண்டு. மரத்துப்போகும் மருந்து மூக்கில் ஊறக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்தால், பார்வைக்கு ஓரிரு நிமிடம் போதும்.

தைராய்டுக்கும் குரலுக்கும் என்ன தொடர்பு என்பது அந்த நரம்பு போகும் வழியைப் பார்த்தால் விளங்கிவிடும். மூளையிலிருந்து புறப்படும் பத்தாவது நரம்பான வேகஸ், கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்குகிறது. குரல்வளையை அசைக்கும் கிளை கழுத்திலேயே பிரிந்திருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் அது குரல்வளையைத் தாண்டிக் கீழே போய், வலப்பக்கம் காறையெலும்பின் அடியில் ஓடும் பெரிய தமனியையும், இடப்பக்கம் நெஞ்சுக்குள் பெருந்தமனியின் வளைவையும் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே உள்ள பள்ளத்தில் மீண்டும் மேலேறி வருகிறது. மீள் குரல்வளை நரம்பு என்ற பெயர் அதனால்தான். ஏறி வரும் அந்தப் பாதை முழுவதும் தைராய்டு சுரப்பியின் முதுகுப்புறத்தை உரசிக்கொண்டே செல்கிறது. குரல் நாண்களை அசைக்கும் தசைகளில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்துக்கும் இந்த ஒரு நரம்புதான் ஆணை கொடுக்கிறது. வெகு சிலருக்கு, அதாவது நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு, வலப்பக்கத்தில் இது கீழே போய்ச் சுற்றாமல் நேராகவே குரல்வளைக்குப் போய்விடும். எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத குறுக்குக் கோடாக அது கிடப்பதால், அறுவை மருத்துவருக்கு அது தனி ஆபத்து.

நரம்பைத் தொட்டால் குரல் போகும் என்பது புதிய அறிவன்று. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த மருத்துவர் கேலன், கத்திக்கொண்டிருக்கும் பன்றியின் இந்த நரம்புகளைக் கட்டியும் வெட்டியும், அதன் குரல் மட்டும் அடங்கிப்போவதைப் பலர் முன்னிலையில் காட்டினார். அறிவு இருந்தும், தைராய்டு அறுவை சிகிச்சை பரவலான பின் நெடுங்காலம், நரம்பு இருக்கும் இடத்துக்கே போகாமல் ஒதுங்கி வருவதுதான் பாதுகாப்பு என்று நம்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் நரம்பைத் தேடிக் கண்ணால் கண்டுகொண்டு பிறகு சுரப்பியை எடுப்பதே பாதுகாப்பானது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபிராங்க் லாஹே 1938-இல் எழுதினார். இன்று அதுவே எங்கும் வழக்கம்.

மேற்சொன்ன ஒரே விதிவிலக்கான தசைக்கு வேறொரு சிறு நரம்பு போகிறது. மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை அது. சுரப்பியின் மேல்முனை இரத்தக் குழாய்களை ஒட்டி ஓடுகிறது. அது அடிபட்டால் நாண்கள் அசையும், பேச்சும் வரும். ஆனால் உச்சத்தை எட்ட முடியாது, உரக்கக் கூப்பிட முடியாது, சீக்கிரம் களைத்துப்போகும். ஸ்கோப்பில்கூட இது எளிதில் பிடிபடாது. ஆப்பரா பாடகி அமெலிதா கல்லி-குர்ச்சி 1935-இல் கழலை எனப்படும் தைராய்டு வீக்கத்துக்காக அறுவை செய்துகொண்டபின் குரலை இழந்ததற்கு இந்த நரம்பே காரணம் என்று பாடப்புத்தகங்களில் வெகுகாலம் சொல்லப்பட்டது. அவருடைய குரல் அதற்கு முன்பே தளர்ந்துகொண்டிருந்தது என்று காட்டி, பின்னாளில் சிலர் அந்தக் கதையை மறுத்திருக்கிறார்கள். கதை எப்படியானாலும், பாடுகிறவர்கள், வகுப்பெடுக்கிறவர்கள், நாள் முழுவதும் தொலைபேசியில் பேசுகிறவர்கள் தங்கள் தொழிலை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி, கத்தி படாமலே நாண் செயலிழக்கும் நிலைக்கு வருகிறேன். தைராய்டு கட்டியுள்ளவருக்குக் குரல் கம்மி, ஒரு நாண் அசையவில்லை என்று தெரிந்தால், புற்றுநோய் நரம்பைப் பற்றியிருக்கலாம் என்பதே முதல் கவலை. நரம்புக்குள் ஊடுருவியிருந்தால் கட்டியின் வகைப்பாடே மாறிவிடுகிறது. கட்டி சிறியதாக இருந்தாலும் சுரப்பியைத் தாண்டிப் பரவியது என்றே வகைப்படுத்துவார்கள். அதேசமயம் நாண் அசையவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று தீர்ப்பெழுதிவிடவும் கூடாது. நெஞ்செலும்பின் பின்னே இறங்கிய பெரிய கழலை நரம்பை இழுத்துப் பிடிக்கலாம். கட்டிக்குள் திடீரென்று இரத்தம் கசிந்து வீங்கினால் நரம்பு நசுங்கலாம். சுரப்பி அழற்சியிலும் அரிதாக இப்படி நேர்கிறது. சாதாரணக் கழலையால் நேர்ந்த செயலிழப்பு, சுரப்பியை எடுத்தபின் மீண்டதும் உண்டு, மீளாததும் உண்டு.

கட்டிக்கும் செயலிழப்புக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். தைராய்டில் சிறு முடிச்சுகள் மிகப் பலருக்கு இருப்பவை. ஒருவருக்குக் குரல் கெட்டு, கழுத்தில் ஸ்கேன் எடுத்து, முடிச்சு ஒன்று கண்ணில் பட்டவுடன் பழியை அதன் மேல் போட்டுவிடுவது எளிது. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் போய் வருகிறது என்பதை அப்போது மறந்துவிடக் கூடாது. நுரையீரலில் உள்ள கட்டியோ நெஞ்சில் வீங்கிய நெறிக்கட்டியோ காரணமாக இருக்கலாம். ஆகவே காரணம் தெளிவாகத் தெரியாத செயலிழப்புக்கு மண்டையோட்டின் அடிப்பகுதி முதல் நெஞ்சு வரை, நரம்பு போகும் வழி முழுவதையும் சிடி ஸ்கேனில் பார்க்கிறோம். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு நாண்களில் நீர் கோத்துக் குரல் தடித்துக் கரகரக்கும். இரண்டு நாண்களும் நன்றாக அசைந்துகொண்டிருக்கும், நரம்பில் குறையில்லை. மாத்திரையின் அளவு சரியானால் குரலும் படிப்படியாகத் தெளியும். நாண் செயலிழந்தவர், சுரப்பு குறைந்தவர் ஆகிய இருவரின் குரலையும் தொலைபேசியில் கேட்டால் வேறுபாடு சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கும்.

அறுவைக்கு முன் எல்லோருக்கும் ஸ்கோப் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறை, குரலை எல்லோரிடமும் மதிப்பிடச் சொன்னது; நாண்களை நேரில் பார்ப்பதைக் குரல் மாறியவர்கள், முன்பு கழுத்திலோ நெஞ்சிலோ அறுவை செய்துகொண்டவர்கள், கட்டி சுரப்பியைத் தாண்டிப் பின்புறமாகப் பரவியவர்கள் ஆகியோருக்கு வலியுறுத்தியது. ஆட்களையும் கருவிகளையும் எண்ணிப் பார்த்தால் அந்த வரையறையில் குறை காண முடியாது. ஆனாலும் எல்லோருக்கும் பார்த்துவிடுவதே என் பழக்கம். ஒரு நாண் முன்பே செயலிழந்திருந்தால் அறுவை மருத்துவரின் திட்டமே மாறும். புற்று ஒட்டிய நரம்பு இன்னும் வேலை செய்கிறது என்றால், கட்டியை அதிலிருந்து சுரண்டியெடுத்து நரம்பைக் காக்கப் பார்ப்பார். ஏற்கெனவே செத்த நரம்பானால் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடுவார். இடப்பக்கம் செயலிழந்தவருக்கு வலப்பக்கத்தில் அறுவை என்றால், மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கும் ஒரே நரம்பின் அருகே கத்தி போகிறது என்று பொருள். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவதற்கும் தெரியாமல் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி பெரிது. 1854-இல் மானுவெல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் வெயிலையும் கொண்டு தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். அத்தனை எளிய கருவியில் முடிந்த காரியத்தை, இவ்வளவு வசதி வந்தபின் தள்ளிப்போட எனக்கு மனம் வருவதில்லை.

அறுவை மேசையில் நரம்பு எப்படிக் காயப்படுகிறது என்று கேட்டால், அறுபடுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். உண்மையில் அதிகம் நடப்பது இழுபடுதல். சுரப்பி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும் இடத்தில் பெர்ரி தசைநார் என்ற உறுதியான இணைப்பு உண்டு. நரம்பு குரல்வளைக்குள் நுழைவதற்குச் சற்று முன் அதை உரசியபடியோ அதனூடாகவோ செல்கிறது. சுரப்பியை நடுப்பக்கமாகத் தூக்கிப் புரட்டும்போது, இந்த இணைப்பு நரம்பையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள, மேலே நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்று ஓடும் வெண்ணிற இழை அது. அறுந்திருக்காது, நிறம் மாறியிருக்காது, வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் உள்ளே சைகை கடத்துவது நின்றுபோயிருக்கும். இரத்தத்தை அடக்கப் பயன்படும் மின்கருவியின் சூடு அருகே படுவதும், கிடுக்கியிலோ தையலிலோ சிக்குவதும் மற்ற காரணங்கள். மறுமுறை அறுவை செய்யும்போது பழைய தழும்புகளுக்குள் நரம்பைத் தேட வேண்டியிருப்பதால் ஆபத்து கூடுகிறது.

பார்வைக்கு நன்றாக இருக்கும் நரம்பு வேலை செய்கிறதா என்று அறியவே நரம்புக் கண்காணிப்புக் கருவி வந்தது. மயக்க மருந்துக்காக வைக்கும் சுவாசக் குழாயில், குரல் நாண்கள் படும் இடத்தில் மின்வாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். நரம்பைச் சிறு மின்னோட்டத்தால் தூண்டினால் நாண் துடிப்பது திரையில் அலையாகத் தெரியும். நரம்புக் காயமே நேராமல் இது தடுத்துவிடுகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. ஆனால் இதன் பெரும்பயன் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். சுரப்பி முழுவதையும் எடுக்கத் திட்டமிட்டு, முதல் பக்கம் முடிந்ததும் அங்கே சைகை மறைந்துபோனால், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, நாண் மீண்டபின் மறுபக்கத்துக்கு வரலாம். திட்டமிட்டதைப் பாதியில் நிறுத்துவது அறுவை மருத்துவருக்கும் கசப்பு, மயக்கம் தெளிந்து கேள்விப்படும் நோயாளிக்கும் கசப்பு. இரண்டு நாண்களும் ஒரே நாளில் நிற்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய விலையன்று.

எத்தனை பேருக்கு இப்படி நேர்கிறது? பல ஆய்வுகளைத் திரட்டிய கணக்கு ஒன்றில், அறுவைக்குப் பிந்தைய தற்காலிகச் செயலிழப்பு நூற்றுக்குப் பத்தை ஒட்டியும், நிரந்தரமானது நூற்றுக்கு இரண்டை ஒட்டியும் வந்தது. கைதேர்ந்தவர்களிடம் இது குறைவு. இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறுவைக்குப் பின் எல்லோருக்கும் ஸ்கோப் வைத்துப் பார்த்தவர்களின் கணக்கில் விகிதம் கூடுதலாகவும், குரல் கெட்டவர்களை மட்டும் பார்த்தவர்களின் கணக்கில் குறைவாகவும் இருக்கும். தேடாததால் குறைந்த எண்ணைத் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்வது எங்கள் துறையின் பழைய பலவீனம்.

அறுவை முடிந்த மறுநாள் குரல் கரகரத்தால், "குழாய் போட்டதால்தான், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்புவது வழக்கம். பலருக்கு அது உண்மையும்கூட. சுவாசக் குழாய் உரசிய வீக்கமும், கழுத்துத் தசைகளின் வலியும் சில நாளில் ஆறிவிடும். நான் கவலைப்படுவது வேறு அறிகுறிகளுக்கு. வெறும் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவது, கெட்டியான உணவு இறங்கித் தண்ணீர் மட்டும் தொல்லை தருவது, இருமல் வலுவில்லாமல் காற்றாகப் போவது, நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு தீர்ந்துபோவது ஆகியவை நாண்கள் முழுமையாக மூடவில்லை என்பதைக் காட்டுகின்றன. குறிப்பாக வயதானவர்களுக்குப் புரையேறுவதை அலட்சியப்படுத்தினால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரை கொண்டுபோய் விடும். இத்தகையவர்கள் தாடையைச் சற்றே மார்பை நோக்கித் தாழ்த்தி, முகத்தைச் செயலிழந்த பக்கமாகத் திருப்பிச் சிறு மிடறுகளாகக் குடித்தால் பெரும்பாலும் தொல்லை குறையும். எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே திருப்ப முடியும். ஸ்கோப் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நரம்பு அறுபடாமல் இழுபட்டதாயிருந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் அசைவு திரும்பிவிடும். நிரந்தரம் என்று சொல்வதற்குமுன் ஓராண்டு வரை பொறுத்துப் பார்ப்போம். பொறுப்பது என்றால் சும்மா இருப்பது என்று பொருளில்லை. குரல் பயிற்சியாளரிடம் போவதை அப்போதே தொடங்கிவிட வேண்டும். குரல் எழவில்லையே என்று தொண்டையை இறுக்கிக் கத்திப் பேசப் பழகிவிட்டவர்களுக்கு, நரம்பு மீண்ட பிறகும் அந்த இறுக்கம் போவதில்லை. வாழ்க்கைக்கும் தொழிலுக்கும் குரல் உடனே தேவைப்படுகிறவர்களுக்கு, செயலிழந்த நாணுக்குள் ஹயலூரானிக் அமிலம் போன்ற கரைந்துபோகும் பொருளை ஊசியால் செலுத்தி, அதை நடுக்கோட்டுக்குத் தள்ளிவைக்கலாம். சில மாதங்களில் அது கரைவதற்குள் நரம்பு மீண்டிருந்தால் நல்லது. ஊசி என்றதும் தயங்குகிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. 1911-இல் புரூனிங்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் பாரஃபின் மெழுகைச் செலுத்தினார், பின்னர் டெஃப்லான் பசை வந்தது, இரண்டும் நாணுக்குள் முடிச்சுகளை உண்டாக்கிக் கைவிடப்பட்டன. இன்றைய பொருள்கள் அப்படிப்பட்டவையல்ல.

ஓராண்டுக்குப் பின்னும் நாண் நிற்குமானால் தைரோபிளாஸ்டி என்ற அறுவை இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970-களில் வகுத்த முறை அது. பெயரில் தைராய்டு தொனித்தாலும் கை வைப்பது சுரப்பியில் அன்று. குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, அதன் வழியே சிலிக்கோன் துண்டு ஒன்றை வைத்து நாணை உள்ளே தள்ளுகிறார்கள். நோயாளி விழித்திருக்கும்போதே இது நடக்கிறது. துண்டைச் சற்றே நகர்த்தி, "ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள்" என்று சொல்லி, குரல் எந்த இடத்தில் கணீரென்று விழுகிறதோ அங்கே நிறுத்துகிறார்கள். மேசையில் படுத்தபடியே தன் பழைய குரலைக் கேட்டு எண்ணுவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தொடரச் சொல்ல வேண்டியிருக்கும். கழுத்தில் உள்ள வேறொரு நரம்பை எடுத்துச் செயலிழந்த நரம்போடு இணைப்பது மற்றொரு வழி. அதனால் அசைவு திரும்பாது, ஏனென்றால் நாணைத் திறக்கும் தசைக்கும் மூடும் தசைகளுக்கும் போக வேண்டிய இழைகள் கலந்துவிடுகின்றன. ஆனால் தசை மெலியாமல் உறுதி பெறும், சில மாதங்களில் குரலும் கனம் பெறும்.

இரண்டு நாண்களும் செயலிழப்பது அரிது. அதில் விசித்திரம், குரல் ஓரளவு நன்றாகவே இருப்பது. இரண்டும் நடுக்கோட்டை ஒட்டி நின்றுவிடுவதால் பேச முடியும். மூச்சுதான் போக இடமிருக்காது. சுவாசக் குழாயை எடுத்த சிறிது நேரத்தில் மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஒலி எழும். உடனே மீண்டும் குழாய் வைக்கவோ, கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைக்கவோ வேண்டிவரும். நரம்புகள் மீளாவிட்டால் லேசர் கொண்டு ஒரு நாணின் பின்பகுதியை வெட்டி வழியை அகலப்படுத்தலாம். எவ்வளவு அகலப்படுத்துகிறோமோ அவ்வளவு மூச்சு எளிதாகும், அவ்வளவு குரல் தேயும், புரையேறும் தொல்லையும் கூடும். ஆகவே முதலில் குறைவாகவே வெட்டுகிறோம். மாடி ஏறும்போது இன்னும் மூச்சு வாங்குகிறது என்று அவர் திரும்பி வந்து சொன்னால், இன்னும் சிறிது. எங்கே நிறுத்துவது என்பதில் எங்கள் அளவுகோலைவிட, எவ்வளவு மூச்சுக்கு எவ்வளவு குரலைக் கொடுக்கத் தயார் என்று அவர் சொல்லும் பதிலே எடுபடுகிறது.